ஜெபமாலைக்குப் பின் அமெரிக்கா

என் வீட்டுக்காரர் பாக்கியசாமி அமெரிக்காவைக் கண்ணால் பார்த்ததில்லை. இங்கே பர்மாவில், அலோன் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் மூட்டை எண்ணியவர் அவர். கப்பலிலிருந்து மூட்டை இறங்க இறங்க, ‘ஒண்ணு, ரெண்டு’ என்று உரக்கக் கூவவேண்டும். மேல்தட்டில் நிற்கும் கப்பல்காரனுக்கும் கேட்கவேண்டும், கிடங்கு வாசலில் நிற்பவனுக்கும் கேட்கவேண்டும். அப்படி வளர்ந்த குரல். ஒருநாள் கிரேன் சங்கிலி வலது கையில் விழுந்து மூன்று விரல் மடங்காமல் போயிற்று. குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தாகேதாவில் எங்கள் வீட்டுக்குள் அவர் தும்மினால் மூன்றாம் வீட்டிலிருந்து ‘நூறாயுசு’ என்று சத்தம் வரும்.

வாய் என்றால் அப்படியொரு வாய். கல்யாணமான புதிதில் எனக்கு அது பெருமையாக இருந்தது, பிறகு தலைவலியாக இருந்தது, இந்த இரண்டு வருஷமாகப் பயமாக இருக்கிறது.

ஆங்கிலம் அவர் பள்ளியில் படித்ததல்ல. கப்பல் மாலுமிகளிடம் பொறுக்கியது. அந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு தினமும் விடியற்காலையில் போனில் அமெரிக்கத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் பேசும் வானொலி ஒன்றைக் கேட்பார். அங்கே எந்த மாகாணத்தில் எவன் எத்தனை ஓட்டில் தோற்றான் என்று நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எங்கள் தெருவில் கரண்ட் எப்போது வரும் என்று கேட்டால் தெரியாது. “அமெரிக்காக்காரன் உங்களுக்கு என்ன மாமனா மச்சானா?” என்று நான் கத்தாத நாளில்லை.

ஆனால் எனக்குத் தெரியும். இங்கே தேர்தல் நடந்தது. தோற்ற பக்கம் ஓட்டில் மோசடி என்றது. மறுவருஷம் பிப்ரவரியில் ஒரு காலைப்பொழுது எழுந்து பார்த்தால் ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டிருந்தது. முதலில் பாத்திரத்தைத் தட்டி எதிர்த்தோம். பிறகு பின்தெரு ஆள் ஒருவரை வண்டியில் ஏற்றிப் போனார்கள். மூன்றாம் நாள் வீட்டாரைக் கூப்பிட்டு உடம்பை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அதோடு ஊரே வாயை மூடிக்கொண்டது. என் வீட்டுக்காரரால் மட்டும் மூடமுடியவில்லை. இங்குள்ளதைப் பேசினால் உயிர் போகும், அமெரிக்காவைப் பேசினால் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தார். நெஞ்சில் கிடந்ததையெல்லாம் தூக்கி அமெரிக்கா மேல் போட்டார்.

அதற்கு இடம் கிடைத்தது ஜெபமாலையில். ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்று தடை வந்ததும் வீடு வீடாகப் போய்ச் சொல்லும் ஜெபமாலை நின்றுபோனது. எங்கள் சபைத் தமிழர்கள் பதினான்கு வீட்டார் போனில் வைபர் செயலியில் ஒரு குழு வைத்தோம். மாலை ஆறு மணிக்கு ஐந்து பேர் ஆளுக்குப் பத்து ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிக் குரலாக அனுப்புவார்கள், மற்றவர்கள் கேட்டு ஜெபிப்போம். மூன்றாவது பத்து இவருடையது. கடைசியில் மாதா பிரார்த்தனை முடிந்து ‘ஆமென்’ வந்ததும் இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அமெரிக்காவை ஆரம்பிப்பார். சிலர் ஜெபத்துக்கே அதற்காகத்தான் வருகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். மாதா மன்னிக்கவேண்டும்.

“தமிழ்லதானே பேசுறேன், தங்கம். சீருடை போட்டவன்ல எவனுக்குத் தமிழ் தெரியும்?” என்பார். எனக்கும் அது சரியென்றே பட்டது. வெளியே நம் இந்திய முகத்தைப் பார்த்துக் ‘கலா’ என்று இளக்காரமாகக் கூப்பிடுகிறவன் நம் பாஷையை எங்கே மதித்தான்? மதிக்காததும் ஒரு வசதி என்று இருந்தோம்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு நவம்பரில் அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தல் நடந்தது. ஜனாதிபதிக்கு இல்லை, சபைகளுக்கு. இவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. முடிவு வந்த அன்று ஜெபமாலையில் அவருடைய பத்து ரயில் வேகத்தில் ஓடியது. ஆமென் வந்ததும் பிடித்துக்கொண்டார்.

“யானைக் கட்சி வெள்ளமா வந்து ஊரையே அடிச்சிட்டுப் போயிடும்னு சொன்னாங்க. வந்தது கணுக்கால் தண்ணி. அதுக்காகக் கழுதைக் கட்சிக்காரன் ஆடவேணாம். கீழ்ச்சபை கையவிட்டுப் போவுது. ஏழை ஓட்டுல ஏறி உக்காந்துக்கிட்டு, ரயில்காரன் காய்ச்சலுக்கு நாலு நாள் சம்பளத்தோட லீவு கேட்டா முதலாளி மொகத்தைப் பாக்குறான். எங்க தாத்தா இன்செய்ன் ரயில் ஷெட்டுல கரி அள்ளினவரு. அவருக்கும் லீவு கெடையாது. நூறு வருஷத்துல என்னய்யா மாறிச்சு?”

கருக்கலைப்பைப் பற்றியும் பேசினார். அந்தச் சட்டத்துக்காகத்தான் பெண்கள் திரண்டு வந்து ஓட்டுப் போட்டார்களாம். “பாவமா இல்லையான்னு சாமியார் சொல்லட்டும், போலீஸ்காரன் சொல்லக்கூடாது” என்றார். எங்கள் உபதேசியார் இரண்டு நாள் இவரோடு பேசவில்லை. எனக்கும் கோபம்தான். ஜெபத்தில் பேசுகிற பேச்சா அது?

அதோடு விட்டிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

“எலக்சன்ல தோத்தவன் மூணு வகை. ஒருத்தன் தோத்தேன்னு ஒத்துக்கிட்டு வீட்டுக்குப் போவான். இன்னொருத்தன் ஓட்டைத் திருடிட்டாங்கன்னு கத்துவான், தொண்டை வலிச்சா அடங்கிடுவான். மூணாவது ஆளு கையில துப்பாக்கி இருக்கும். அவன் கத்தவேமாட்டான்.” இவ்வளவும் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தினார். அவருக்கே உறைத்திருக்கவேண்டும். “அமெரிக்காவுல அந்த மூணாவது ஆளுக்கு இந்தத் தடவை எடம் கெடைக்கல. அதான் சேதி. மரியே வாழ்க” என்று அவசரமாக முடித்தார்.

எங்களுக்கு ஒரே மகள், சாரா. இருபத்து நான்கு வயது. ஷ்வேப்யிதாவில் தையல் ஆலையில் வேலை. தமிழ் நன்றாகப் புரியும், வாயில் வருவது பர்மியம்தான். அப்பாவைக்கூட ‘அஃபே’ என்றுதான் கூப்பிடுவாள். அவரோ அவள் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் இளித்துக்கொண்டு நிற்பார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சாரா சிரித்துச் சிரித்து அந்த மூன்று வகையைத் திரும்பச் சொன்னாள். என் போனை எடுத்துக்கொண்டு படுக்கப் போனாள். நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்கவேண்டியவள் நான்.

ஆலையில் கூட வேலை செய்கிற பெண்களும் அப்பா பேச்சைக் கேட்கட்டும் என்று அவள் நினைத்தாளாம். அதைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டு, மூன்று வகைத் தோற்றவர்கள் வரும் இடத்தை மட்டும் வெட்டி, கீழே பர்மியத்தில் வரி வரியாக எழுதி, வேறு ஒரு பெண் பெயரில் வைத்திருந்த கணக்கில் பேஸ்புக்கில் போட்டிருக்கிறாள். வெட்டியதில் முன்னால் இருந்த அமெரிக்காவும் போயிற்று, பின்னால் இருந்த அமெரிக்காவும் போயிற்று. நடுவில் துப்பாக்கிக்காரன் மட்டும் நின்றான். இரண்டே நாளில் ஊரெல்லாம் ஓடியது. ‘ஒரு கலாப் பெரியவர் சரியாகத் திட்டுகிறார் கேளுங்கள்’ என்று போட்டு அனுப்பினார்களாம். மூன்றாம் நாள் டெலிகிராமில் ராணுவத்துக்கு வேண்டியவர்களின் சேனலில் அதே துண்டு வந்தது. கீழே ஒரே வரி. இந்தக் குரல் யாருடையது, இதை எழுதியது யார்?

சாரா அதைக் காட்டியபோது அறைந்தேன். இருபத்து நான்கு வயதுப் பெண்ணைக் கன்னத்தில் அறைந்தேன், அறைந்துவிட்டுக் கட்டிப்பிடித்து அழுதேன். அவள், “அமே, அமெரிக்கா பத்திதானே... எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்” என்று விக்கினாள்.

இவர் முதலில் அவளிடம், போட்டதை அழிக்கச் சொன்னார். அது ஏற்கெனவே ஆயிரம் போனில் இருந்தது. பிறகு அவள் முன் கையை நீட்டினார். “உன் போனைக் குடு. பசுன்டவுன் ஓடையில போட்டுட்டு வந்துர்றேன்.” வாங்கிக்கொண்டு சைக்கிளில் போனார். அரை மணியில் வெறுங்கையோடு வந்தார். அதுதான் கடைசி. மறுநாள் காலையிலிருந்து அவர் பேசவில்லை.

தொண்டைக் கட்டு என்று ஊருக்குச் சொன்னேன். கழுத்தில் துணியைச் சுற்றிவிட்டேன். மூன்றாவது பத்தை உபதேசியார் சொன்னார். ஆமெனுக்குப் பிறகு யாரும் எதுவும் அனுப்பவில்லை. முப்பத்தைந்து வருஷமாக எந்த வாயை மூடச்சொல்லிக் கத்தினேனோ, அந்த வாய் மூடிக்கிடக்க எனக்குத் தூக்கம் போயிற்று. தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டாலும் நாய் குரைத்தாலும் சாராவின் படுக்கையைப் போய்ப் பார்ப்பேன்.

நான்காம் நாள் வார்டு தலைவர் ஊ சோ தெய்ன், எங்கள் வீட்டில் தங்கியிருப்பவர்களின் பட்டியலைச் சரிபார்க்க வந்தார். கெட்டவர் இல்லை. முன்பெல்லாம் இவரோடு தேநீர்க் கடையில் உட்கார்ந்து சிரித்தவர்தான். இவரும் அவரும் பேசுவது எப்போதும் பர்மியத்தில், நான் நம் பாஷையில் சொல்கிறேன்.

“தொண்டை சரியில்லையா, ஊ பாக்கி? கொஞ்ச நாளைக்குச் சரியில்லாமலே இருக்கட்டும்” என்றார். பட்டியலில் மூன்று பேர்களையும் தடவிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “பேசினது ஒரு கெழம்னு அவங்களுக்குத் தெரியும். எழுதிப் போட்ட கையைத்தான் தேடறாங்க. அதுக்குப் பின்னால ஒரு கூட்டம் இருக்குன்னு நெனைக்கிறாங்க. அந்தக் கை கெடைச்சா லேசுல விடமாட்டாங்க.”

இவர் தலையை மட்டும் ஆட்டினார். நான் அடுப்படியில் நின்று எல்லாம் கேட்டேன். சாராவை எங்கே அனுப்புவது என்பது தவிர என் மூளையில் எதுவும் ஓடவில்லை. அவளுக்குக் குடியுரிமை அட்டை இன்னும் வந்தபாடில்லை. நம் சனத்துக்கு அது வர எத்தனை வருஷம் ஆகுமோ. அட்டை இல்லாமல் பஸ் ஏறினால் முதல் சோதனைச் சாவடியிலேயே இறக்கிவிடுவார்கள். அவளுடைய சிம்முக்கும் அதனால்தான் அப்பா பெயர். வீட்டிலேயே வைத்துக்கொண்டு நடுங்குவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இவரோ மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மடியில் லுங்கிக்குள் போனை வைத்துக்கொண்டு நோண்டிக்கொண்டே இருந்தார். வானொலியும் இல்லை, சத்தமும் இல்லை. விளையாட்டு ஆடுகிறார் என்று நினைத்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வீடு பத்தி எரியுது, உங்களுக்கு என்ன ஆட்டம் வேண்டிக்கெடக்கு? பெத்த பொண்ணு நெனப்பு இருக்கா உங்களுக்கு? வாயால கெடுத்தீங்க, இப்ப வாய மூடிக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க!”

நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார். இடதுகைக் கட்டைவிரல் வீங்கிச் சிவந்திருந்தது. அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து கோழிக்குழம்பு வைத்திருந்தேன். பகல் பன்னிரண்டு மணி இருக்கும். வண்டி நின்றது. எங்கள் வாசலில்தான் நின்றது. சீருடையில் இருவர், கண்ணாடி போட்ட ஒல்லியான ஆள் ஒருவர், பின்னால் ஊ சோ தெய்ன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாரா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள். நான் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

கண்ணாடிக்காரர் எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தன் போனில் அந்தத் துண்டைப் போட்டார். மூணாவது ஆளு கையில துப்பாக்கி இருக்கும். என் வீட்டில், என் வீட்டுக்காரர் குரல். “இது யார்?” என்றார்.

“நான்தான், ஸயா” என்று பர்மியத்தில் மரியாதையாகச் சொன்னார்.

பத்து நாள் கழித்து அந்தக் குரலைக் கேட்டேன். துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற அதே முழுக் குரல். சீருடைக்காரனே திடுக்கிட்டான்.

“எழுதிப் போட்டது?”

“அதுவும் நான்தான்.”

கண்ணாடிக்காரர் இவருடைய வலது கையைப் பார்த்தார். மடங்காத மூன்று விரல்களைப் பார்த்துச் சிரித்தார். “இந்தக் கையாலயா?”

இவர் எழுந்து போய்த் தலையணை உறையிலிருந்து ஒரு போனை எடுத்து வந்தார். சாராவின் போன். ஓடையில் சேற்றுக்குள் கிடக்கிறது என்று நான் நினைத்திருந்த போன். “இதுதான் என் போன். சிம் என் பேர்ல இருக்கு, பாத்துக்கங்க.”

“கணக்கு பொம்பளைப் பேர்ல இருக்கே?”

“பொம்பளைப் பேர்ல போட்டாத்தான் நாலு பேர் பாப்பாங்க, ஸயா.”

சீருடைக்காரன் ஒருவன் சிரித்துவிட்டான். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. போனைத் திருப்பி நீட்டினார். “எழுது. இப்ப எழுது. நான் பாக்கறேன்.”

இவர் வாழ்நாளில் போனில் எழுதியதில்லை. எழுத வராது என்பதால்தான் எல்லாவற்றையும் குரலாக அனுப்புகிறவர். அதிலும் பர்மிய எழுத்து, ஒன்றன் கீழ் ஒன்று அடுக்கிப் போடவேண்டியது, நல்ல விரல் உள்ளவனுக்கே தடுமாறும். மாதாவே, முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் கீழே சப்பணமிட்டு உட்கார்ந்தார். போனை மடியில் வைத்தார். சுவர் மூலையில் பத்து நாள் உட்கார்ந்திருந்த அதே மாதிரி. இடதுகைக் கட்டைவிரலால் குத்த ஆரம்பித்தார். ஒரு எழுத்து. இன்னொரு எழுத்து. நிற்காமல் போனது விரல். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவரையா நான் ஆட்டம் ஆடுகிறீர்களா என்று திட்டினேன்?

எனக்கு விளங்கியது சாராவுக்கும் விளங்கிவிட்டது. அவள் வாய் திறந்தது. “அஃ...” என்று வந்துவிட்டது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து நகம் இறங்க அழுத்தினேன், கூடவே உரக்க இருமினேன். ஒரு அப்பன் தன்னைக் கொடுத்துக்கொண்டிருக்கிறான், மகள் வாயைத் திறக்கவிடாமல் நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எந்தத் தாய்க்கும் அந்த வேலை வரக்கூடாது.

கண்ணாடிக்காரர் போனை வாங்கி வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்று வகையும் அப்படியே இருந்தது, சாரா எழுதியபடியே. பிறகு முதல் வார்த்தையில் விரலை வைத்தார். “‘அமெரிக்காவில்’னு இருக்கு. இது அதுல இல்லையே?”

“அன்னிக்கு அவசரத்துல விட்டுப்போச்சு, ஸயா. அமெரிக்கா எலக்சனைப் பத்தித்தான் பேசினேன்.”

“தோத்துட்டுத் துப்பாக்கி எடுக்கறவன் அமெரிக்காக்காரனா?”

“ஆமா.”

“நிச்சயமா?”

இவர் அண்ணாந்து அவர் முகத்தையே பார்த்தார். “வேற எந்த ஊர்ல, ஸயா, அப்படி நடந்திருக்கு?”

ஊ சோ தெய்ன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“வண்டியில ஏறு.”

இரண்டு போனையும் எடுத்துக்கொண்டார்கள், சாராவின் போன், அவர் போன். ரத்த அழுத்த மாத்திரையை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். விட்டார்கள். சாராவைத் தாண்டிப் போகும்போது அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

“தங்கம், அடுப்பைப் பாரு. கொழம்பு அடிப்புடிக்குது.”

நான் சாராவை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனேன். வண்டி புறப்படும் சத்தம் கேட்டது. குழம்பு கரிந்துதான் போயிருந்தது.

ஆறு மணிக்கு ஜெபமாலைக் குழுவைத் திறந்தேன். சேதி ஏற்கெனவே பரவியிருந்தது. ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். முதலில் உபதேசியார். பிறகு எதிர்வீட்டுக்காரி. பிறகு இவரோடு துறையில் வேலை செய்த ஆல்பின். யாரையும் நான் குறை சொல்லமாட்டேன், அவரவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏழே நிமிஷத்தில் குழுவில் இரண்டு பேர்தான் மிச்சம். ஒன்று நான். இன்னொன்று அவர் போன். எல்லாவற்றையும் யோசித்த மனிதர், இந்தக் குழுவை அழிக்கவேண்டும் என்று யோசிக்கவில்லை.

நானும் வெளியே வந்திருக்கவேண்டும். விரல் அதில்தான் இருந்தது. வெளியே வந்தால் அங்கே அவர் மட்டும் தனியாக இருப்பார் என்று தோன்றியது. முட்டாள்தனம்தான். இதுவரை ஒருநாளும் குழுவில் குரல் அனுப்பாதவள், அன்று பொத்தானை அழுத்தி மூன்றாவது பத்தைச் சொன்னேன். இரண்டு இடத்தில் எண்ணிக்கை தவறியது. அமெரிக்காவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆமெனோடு நிறுத்திக்கொண்டேன்.

அனுப்பிய மறுநிமிஷம் அதன் கீழே ‘பார்த்தாயிற்று’ என்று விழுந்தது. அவர் போனை யாரோ திறந்து என் ஜெபத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் பிடித்த சாராவின் மணிக்கட்டை அப்போதும் நான் விட்டிருக்கவில்லை.